ஒன்பது மின்வாரியங்கள் ஒத்துழைத்த கதை

எங்கள் ஜூனிபர் பெண்ட் ஊரில் கரண்ட் போனால் முதலில் கண்ணில் படுவது, ஓடைக்கு அந்தப் பக்கம் மைத்தே லசார்த்தேயின் கொட்டகையில் எரியும் விளக்குதான். ஊரே இருண்டு கிடக்கும். அங்கே முந்நூறு செம்மறிகள் வெளிச்சத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும். அதைப் பார்ப்பவர்கள் வாயிலிருந்து என்ன வரும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஓடைக்கு இந்தப் பக்கம் டமராக் மாவட்டப் பொது மின்வாரியத்துக்குச் சொந்தம். அவர்களுடைய லைன் மலை ஏறி இறங்கி அறுபது மைல் வந்து எங்கள் ஊரோடு முடிகிறது. பனிக்கட்டி படிந்தால் அறுந்து விழும். கோடையில் எங்காவது காடு பற்றிக்கொண்டால் அவர்களே கரண்டை நிறுத்திவிடுவார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஸ்டோன்ஹவுஸ் கூட்டுறவு மின் சங்கம். அதன் துணை மின்நிலையம் எங்கள் லைன் முடியும் இடத்திலிருந்து நான்கே மைலில் இரவும் பகலும் ரீங்கரித்துக்கொண்டிருக்கிறது. அந்த நான்கு மைலுக்குக் கம்பி இழுத்தால் எங்கள் ஊருக்கு இரண்டாவது வழி கிடைத்துவிடும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். டமராக்கில் கேட்டால் ஸ்டோன்ஹவுஸைப் பார்க்கச் சொன்னார்கள். ஸ்டோன்ஹவுஸில் கேட்டால், நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை, உங்களோடு பேச எங்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள்.

எங்கள் ஊரில் இதனால் அதிகம் அடிபட்டவன் வெர்லின் ஓஸ்ட்ராண்டர். ட்ரவுட் மீன் வளர்க்கிறவன். நீளமான சிமெண்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் நீருக்குள் காற்றைச் செலுத்தும் மோட்டார். மோட்டார் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அரைமணி நேரத்தில் வயிற்றைக் காட்டி மிதக்கும். அவனிடம் ஒரு ஜெனரேட்டர் உண்டு. அது ஒரு தொட்டியைக் காப்பாற்றும். எந்தத் தொட்டி என்று ஒவ்வொரு முறையும் அவன்தான் முடிவு செய்ய வேண்டும். 

அப்படியிருக்கையில் ஒருநாள், மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ஒன்பது மின்வாரியங்கள், டமராக்கும் ஸ்டோன்ஹவுஸும் உட்பட, சேர்ந்து ‘உயர்மேட்டு வட்டாரக் கூட்டுத் திட்ட மன்றம்’ என்று ஒன்றைத் தொடங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. இனி லைன்களைத் தனித்தனியாக அல்ல, சேர்ந்து திட்டமிடுவார்களாம். தபாலில் வந்த வண்ணத் தாளில், மலைத்தொடருக்கு மேலே இரண்டு பிரம்மாண்டமான கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. வெர்லின் அதை என் தீவனக்கடைக்கு எடுத்துக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டமராக்கும் ஸ்டோன்ஹவுஸும் ஒரே மேசையில் உட்காரப்போகிறார்கள் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டான். நகரத்தில் வண்டி ஓட்ட அவனுக்குப் பயம். ஆகவே முதல் கூட்டத்துக்கு நான்தான் அவனை மாநிலத் தலைநகரான போய்ஸிக்கு அழைத்துப்போனேன்.

ஆற்றோரத்தில் பெரிய விடுதி. வாசல் மேசையில் இருந்த பெண், வெர்லின் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று கேட்டாள். உறுப்பினர், விண்ணப்பதாரர், அரசு மேற்பார்வையாளர், ஆர்வமுள்ள நபர் என்று நான்கு வகை.

“ஆர்வமெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா. மீனுக்குக் காத்து வேணும், அவ்வளவுதான்” என்றான் வெர்லின்.

அவள் யோசித்துவிட்டு எங்கள் இருவருக்கும் ‘ஆர்வமுள்ள நபர்’ என்று பச்சை அட்டை மாட்டிவிட்டாள். பச்சை அட்டைக்காரர்கள் சுவரை ஒட்டி உட்கார வேண்டும். உணவு இடைவேளைக்குப் பிறகு, நேரம் மிஞ்சினால் பேசலாம்.

முற்பகல் முழுவதும் மன்றத்தின் சாசனத்தை நிறைவேற்றுவதில் போனது. முதல் வரியில் ‘ஒன்பது வாரியங்களும் ஒத்துழைக்கும்’ என்று இருந்தது. ஒன்பது வாரியத்தின் ஒன்பது வக்கீல்களும் ஒரே குரலில் அதை எதிர்த்தார்கள். ஒத்துழைக்கும் என்றால் ஏதோ செய்தாக வேண்டும் என்று பொருள் வருகிறதாம். ‘கலந்தாலோசிக்கும்’ என்று மாற்றினார்கள். ஆலோசனை கேட்டால் அதன்படி நடக்கவில்லையே என்று யாராவது வழக்குப் போடலாமாம். ‘ஒன்றை ஒன்று அறிந்திருக்கும்’ என்றார்கள். அதற்கும் ஸ்டோன்ஹவுஸ் வக்கீல் எழுந்தார். அறிந்திருந்ததாக ஒப்புக்கொண்டால், தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று நீதிபதி கேட்பாரே என்றார். கடைசியில், ‘ஒன்பது வாரியங்களும் ஒன்றை ஒன்று அறிந்துகொள்ளும் வாய்ப்பை மறுக்காது’ என்ற வாக்கியம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரும் கைதட்டினார்கள். வெர்லினும் தட்டினான். நல்லது ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

மதியம் நேரம் மிஞ்சியது. வெர்லின் எழுந்து நான்கு மைலைப் பற்றிச் சொன்னான். மன்றத் தலைவர் முனைவர் பிரெஸ்காட் லேண்டவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். முப்பது வருடம் மின்துறையில் இருந்தவர். அத்தனை வருடத்தில் ஒரு கம்பத்தையும் அவர் தொந்தரவு செய்ததில்லை. நான்கு மைல் என்பது வட்டாரத் திட்டம் ஆவதற்கு மிகவும் குட்டை என்று முதலில் வருத்தத்தோடு சொன்னார். பிறகு, வெர்லின் மன்றத்தின் நோக்கத்தையே தவறாகப் புரிந்துகொண்டிருப்பதாகச் சொல்லி, மென்மையாக விளக்கினார்.

“லைன் போடறது பெரிய காரியம் இல்லை, மிஸ்டர் ஓஸ்ட்ராண்டர். கம்பம் நட்டா நிக்கும், கம்பி கட்டினா தொங்கும். ஆனா போட்டு முடிச்சதும் திட்டம் செத்துப்போச்சு பாருங்க. செத்த திட்டத்தை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? திட்டங்களை உயிரோட வெச்சிருக்கத்தான் இந்த மன்றமே இருக்கு.”

அதன் பிறகு திட்டப் பொறியாளர் குவிக்லி அம்மாள் சுவரில் ஒரு படத்தை ஓடவிட்டாள். வட்டாரம் முழுவதும் கோடுகளாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு கோட்டின் நுனியில், கொசு அளவுக்கு ஒரு முக்கோணம். அதுதான் நாங்கள்.

“உங்க லைன் அறுந்தா என்ன ஆகும்னு கணினியில ஓட்டிப் பார்த்தோம். ஒண்ணும் ஆகலை” என்றாள்.

“எங்களுக்குக் கரண்ட் போயிடுதேம்மா.”

“அதேதான் நானும் சொல்றேன். லைன் போறப்ப நீங்களும் கூடவே போயிடறீங்க. மிச்ச ஊர்ல பாரம் ஏறலை, அழுத்தம் குறையலை. சில ஊரெல்லாம் போறப்ப பக்கத்துல நாலு ஊரையும் இழுத்துக்கிட்டுத்தான் போகும். நீங்க அப்படி இல்லை. சத்தமில்லாம, தனியா போறீங்க. மொத்த அமைப்புலயே இவ்வளவு ஒழுக்கமான ஊர் வேற கிடையாது.”

வெர்லின் பழக்கத்தில் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தான். திரும்பி வரும் வழியில், அவள் பாராட்டினாளா, திட்டினாளா என்று என்னைக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

அந்த ஜனவரியில் பனிக்கட்டி மழை பெய்தது. லைன் ஏழெட்டு இடத்தில் அறுந்தது. ஊரில் ஒரு முதியோர் இல்லம் இருந்தது. வெர்லினின் மனைவி நெட்டி அங்கே சமையல்காரி. அந்த இல்லத்து ஜெனரேட்டருக்கு என் கடையிலிருந்து டீசலை இழுத்துப்போய் ஊற்றினேன். கடையின் டீசல் தொட்டி வற்றியதும் என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாவட்ட அலுவலகம் ஒரு பேருந்து அனுப்பியது. கிழவர்களையும் கிழவிகளையும் போர்வையில் சுற்றி, தொண்ணூறு மைல் தள்ளியிருந்த ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நெட்டியும் கூடப் போனாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஹேசல் டிபெட்ஸ், மலைச்சரிவில் வண்டி சிக்கிக்கொண்டபோது நெட்டியின் தோளில் சாய்ந்தபடியே இறந்துபோனாள். அடுத்த ஊர் வரும்வரை நெட்டி அதை யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் பயந்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தாளாம், ஹேசலிடம் பேசுவதுபோல.

வெர்லின் மீன்குஞ்சுத் தொட்டியைக் காப்பாற்றினான். மற்றதெல்லாம் போய்விட்டது. தரை உறைந்திருந்ததால் புதைக்க வழியில்லை. தார்ப்பாய் போட்டு மூடி வைத்தான். பனி இளகியதும் நாற்றம் கிளம்பியது. ரொட்டியில், தலையணையில், தேவாலயத்தில் என்று எங்கும் அழுகிய மீன். நாய்கள்கூடக் கொஞ்ச நாளைக்கு அந்தத் தெருவுக்குப் போகவில்லை.

வசந்தகாலக் கூட்டத்துக்கு வெர்லின் தன் ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். நாற்றம் அதிலும் ஏறியிருந்தது. சுவரோரத்தில் எங்களுக்கு இருபக்கமும் நாற்காலிகள் காலியாயின. விடுதிப் பணியாள் வந்து, எங்கள் பக்கம் பார்க்காமலே, வாசனைத் திரவியத்தைப் பீய்ச்சிவிட்டுப் போனான். வெர்லின் மீன்களைப் பற்றியும் இல்லத்தைப் பற்றியும் சொல்லத் தொடங்கியதும் லேண்டவர் கையை உயர்த்தினார். பனிக்காலம் தொடர்பான கருத்துக்களைப் பெறும் கெடு அக்டோபரோடு முடிந்துவிட்டதாம்.

“ஜனவரியில செத்ததை அக்டோபர்ல எப்படிங்க சொல்றது?” என்று வெர்லின் கேட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“முன்கூட்டியே சொல்றதுக்குப் பேர்தான் திட்டமிடல், மிஸ்டர் ஓஸ்ட்ராண்டர்” என்றார் லேண்டவர்.

ஆனாலும் மனிதர் கல் நெஞ்சர் அல்ல. ஹேசல் டிபெட்ஸுக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்கலாம் என்று முன்மொழிந்தார். எல்லோரும் எழுந்தார்கள். டமராக் வக்கீல் மட்டும் உட்கார்ந்தபடியே, இந்த மௌனம் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக்கூடாதே என்றார். எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். விவாதம் நீண்டது. ‘எந்தத் தரப்பின் நிலைப்பாட்டையும் பாதிக்காத மௌனம்’ என்று திருத்தம் கொண்டுவந்து, வாக்கெடுத்து, பிறகு எழுந்து நின்றார்கள். நிமிடம் முடியும் முன்பே தேநீர் மணி அடித்தது.

எனக்கு அன்றே வெறுத்துவிட்டது. வெர்லினுக்கு வெறுக்கவில்லை. அவன் சுபாவம் அப்படி. அவர்களுக்கு நாம் சரியாகச் சொல்லவில்லை என்றே நினைத்தான். அடுத்த கூட்டங்களுக்கும் போனான். லைனால் யாருக்கு லாபம், யார் செலவை ஏற்பது என்று பேசிய கூட்டம் இரண்டு நாள் நடந்தது. ஒவ்வொரு வாரியமும் ஒரு நிபுணரைக் கூட்டிவந்து, தனக்கு இந்த லைனால் எள்ளளவும் நன்மை இல்லை என்று நிரூபித்தது. ஸ்டோன்ஹவுஸ் நிபுணர் ஒரு படி மேலே போய், நன்மை இல்லாதது மட்டுமல்ல, அது இல்லாமல் இருப்பதால் தங்கள் சங்கம் ஏற்கெனவே நன்மை அடைந்துகொண்டிருக்கிறது என்றும், அந்த நன்மையைப் பறித்தால் ஈடு வேண்டும் என்றும் கோரினார். நான்கு மைல் கம்பி இல்லாத நன்மை பறிபோவதற்குக் கோரிய அந்த ஈட்டை ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது.

இதற்குள் முதியோர் இல்லத்தை மூடிவிட்டார்கள். கரண்டை நம்பமுடியாத இடத்தில் நோயாளிகளை வைக்க உரிமம் தரமாட்டோம் என்று மாநில அரசு சொல்லிவிட்டது. நெட்டிக்கு வேலை போனது. அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வண்டியில் சாமான் ஏற்றின. பிள்ளைகள் குறைந்ததால் பள்ளியில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கினார்கள்.

மறு இலையுதிர் காலத்தில் மன்றத்தின் வரைவுத் திட்டம் வெளியானது. அந்தக் கூட்டத்துக்கு நெட்டியும் வந்தாள். குவிக்லி அம்மாள் எங்கள் முக்கோணத்தைச் சுவரில் காட்டினாள். முன்னைவிடச் சிறுத்திருந்தது. ஜூனிபர் பெண்டின் மின்தேவை மூன்றில் ஒரு பங்கு தானாகவே குறைந்துவிட்டது, இதே போக்கு நீடித்தால் சில வருடங்களில் அந்த ஊருக்கு இரண்டாவது லைன் மட்டுமல்ல, முதல் லைனே தேவைப்படாது என்றாள். அரங்கில் மெல்லிய பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது.

லேண்டவரின் குரல் தழுதழுத்தது. “ஒரு கம்பம் நடலை. ஒரு மரம் வெட்டலை. ஒரு காசு செலவாகலை. ஒரு வட்டாரத் தேவை தன்னாலயே தீர்ந்திருக்கு. கூட்டுத் திட்டமிடல் என்ன சாதிக்கும்னு கேக்கறவங்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேணுமா?”

நெட்டி எழுந்தாள். பச்சை அட்டைக்காரர்கள் பேசும் நேரம் அல்ல அது. அவள் உரக்கப் பேசவில்லை.

“தேவை தீரலைங்க. தேவைப்பட்டவங்கதான் தீர்ந்துட்டாங்க.”

லேண்டவர் அவளைக் கனிவோடு பார்த்தார். “அருமையான கருத்தும்மா” என்று சொல்லி, குறிப்பெடுப்பவரைப் பார்த்து, “இதைப் பதிவு பண்ணிக்குங்க. பெயர் எழுத்துப்பிழை இல்லாம வரணும்” என்றார். நெட்டி கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். 

ஊர் வந்ததும் அவள் நேராக மைத்தேயிடம் போனாள். மைத்தே லசார்த்தேக்கு அறுபது வயது, நாக்கில் முள். தாத்தா காலத்தில் ஸ்பெயின் மலைப்பக்கத்திலிருந்து ஆடு மேய்க்க வந்த குடும்பம். நெட்டி சொன்னதைக் கேட்டதும் அவள் ஓடையைத் தாண்டி வெர்லினின் பண்ணைக்கு வந்தாள். தொட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“ஏன் வெர்லின், ஒம்பது வாரியம் சேர்ந்து ரெண்டு வருஷமா இந்த ஓடையைத் தாண்ட வழி தேடறாங்க. என் கிழட்டு ஆடு தினம் தாண்டிட்டு வந்து உன் புல்லை மேயுது. அதை அனுப்பியிருந்தா அதுவாவது ஏதாவது பண்ணியிருக்கும்.”

“அவங்க நல்லவங்கதான் மைத்தே. வேலைதான் நடக்க மாட்டேங்குது.”

“நீ ஒருத்தன்தான்யா அவங்களை இன்னும் மனுஷனா மதிக்கிற. கேபிள் வாங்கு. என் கொட்டகையிலேருந்து இழுத்துக்கோ.”

வேலிக்கம்பங்களிலேயே கட்டி, ஓடைக்கு மேல் இரண்டு பழைய குழாய்களுக்கு நடுவே தொங்கவிட்டு, ஒரே வார இறுதியில் இழுத்துவிட்டோம். ஒழுங்கான கருப்புக் கேபிள். எங்கள் பக்கக் கரண்ட் இருக்கும்போது ஒன்றும் செய்யாது. போனால் வெர்லின் ஒரு பெரிய கைப்பிடியைத் திருப்புவான், அவ்வளவுதான். ஆகஸ்டில் மேற்குச் சரிவில் தீப்பிடித்தது. டமராக் எங்கள் லைனை அணைத்தது. வெர்லின் கைப்பிடியைத் திருப்பினான். எல்லா மோட்டாரும் ஒன்றாகப் பாடின. புகை மூட்டத்தில் கண்ணெரிய நின்று, எல்லாத் தொட்டிகளிலும் மீன்கள் கீழேயே நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதைக் காப்பாற்றுவது என்று அவன் அன்று முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. நெட்டி இன்சுலின் குப்பிகளை ஊர் முழுக்கச் சேகரித்துக்கொண்டு வந்து பண்ணைக் குளிர்பெட்டியில் வைத்தாள். மைத்தே ஒரு ஆட்டை அடித்துச் சமைத்தாள். தீ அணைந்து கரண்ட் வரும்வரை ஒரு மீன்கூடச் சாகவில்லை.

சேதி பரவிவிட்டது. மன்றம் அவசரமாகத் தொலைபேசியில் கூடியது. அதுவரை ஒரு தேதியை முடிவு செய்யவே ஒரு பருவம் எடுத்துக்கொண்டவர்கள், காபி ஆறும் முன் முடிவெடுத்தார்கள். நான்கு மைல் வட்டாரத் திட்டம் ஆவதற்குக் குட்டை என்று சொல்லப்பட்டிருந்தது அல்லவா? கூப்பிடு தூரத்துக்கு இழுத்திருந்த அந்தக் கேபிள் இரண்டு வாரியங்களின் எல்லைகளை இணைப்பதால், ‘திட்டமிடப்படாத வட்டார மின்தடம்’ என்று ஒருமனதாக அறிவிக்கப்பட்டது. ஒன்பது வக்கீல்களில் ஒருவரும் ஒரு வார்த்தையையும் மாற்றச் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை காலை டமராக் வண்டிகள் இந்தக் கரையிலும் ஸ்டோன்ஹவுஸ் வண்டிகள் அந்தக் கரையிலும் வந்து நின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்தப் பக்கத்து ஆள் ஒரு முனையைப் பிடிக்க, அந்தப் பக்கத்து ஆள் மறுமுனையை அறுக்க, வேலை அவ்வளவு அழகாக நடந்தது. ஒருவர் கருவியை மற்றவர் வாங்கிக்கொண்டார். ஓடையில் இறங்கி ஒருவரை ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். பையன்கள் நல்லவர்கள்தான், வெர்லின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேலை செய்தார்கள். வெர்லின் அவர்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தான். நானாக இருந்தால் அந்தக் கோப்பைகளை ஓடையில் கவிழ்த்திருப்பேன்.

மைத்தே கரையில் நின்று, ஸ்டோன்ஹவுஸ் மேற்பார்வையாளரைக் கேட்டாள்: “அவுக்க மட்டும்தான் தெரியுமா தம்பி? கட்டத் தெரியாதா?”

“தெரியும்மா. யாரும் சொல்லலையே” என்றான் அவன்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கேபிளைச் சுருட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மன்றத்திலிருந்து வந்த ஒருவர் இரண்டு குழுக்களையும் ஓடை நடுவில் நிற்கவைத்துக் கைகுலுக்கச் சொல்லிப் படம் எடுத்தார். மறு மாதம் மீண்டும் லைன் போனபோது வெர்லின் ஜெனரேட்டரைக் கிளப்பி, எந்தத் தொட்டி என்று யோசித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பிறகு எந்தத் தொட்டியிலும் மாட்டாமல் அதை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போனான்.

ஆண்டு நிறைவுக் கூட்டத்துக்கு அவன் வரவில்லை. எப்படி முடிகிறது என்று பார்க்க நான் மட்டும் போனேன். ஆற்றோர விடுதி அலங்கரிக்கப்பட்டிருந்தது. லேண்டவர் ஆண்டறிக்கை வாசித்தார். ஆய்வுகள் இத்தனை, துணைக்குழுக்கள் இத்தனை, பொதுமக்கள் பங்கேற்பு இத்தனை என்று சொல்லிவந்து, கடைசியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார். மன்றத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஏளனம் செய்தவர்களுக்கு இன்று பதில் கிடைத்திருக்கிறது, இரண்டு வாரியங்கள் தோளோடு தோள் நின்று நிறைவேற்றிய முதல் வட்டாரக் கூட்டுப் பணி, குறித்த நேரத்துக்கு முன்பே, குறித்த செலவுக்குள் முடிந்திருக்கிறது என்றார். சுவரில் அந்த ஓடைப் படம் வந்தது.

நான் ஊருக்குத் திரும்பியபோது வெர்லின் பண்ணையில் இருந்தான். தொட்டிகள் வற்றிக் கிடந்தன. அடுத்த மாநிலத்தில் யாரோ ஒருவர் மோட்டார்களை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார். நெட்டி வீட்டுச் சாமான்களை ஏற்கெனவே கட்டி வைத்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“கை தட்டினாங்களா?” என்றான்.

“எழுந்து நின்னு தட்டினாங்க.”

வெர்லின் தரையில் துப்பினான். பிறகு அடுத்த மோட்டாரைக் கழற்றக் குனிந்தான்.